என் சர்வும் நாத்தனாரின் கோடும்

எனக்கு டென்னிஸ் மீது ஆசை எதுவும் இருந்ததில்லை. என் கணவர் டென்னிஸ் ஆடும்போது அவர் பக்கத்தில் நிற்கும் பெண்ணை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பெண் அவருடைய கூடப்பிறந்த அக்கா என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டுவதைவிட அது மேல். (“சொந்த அக்கா மேலயா பொறாமை?” என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. ஆறு மாதம் புது மருமகளாக இருந்து பாருங்கள்.)

கல்யாணமாகி மூவாரிலிருந்து, மலேசியாவின் தென்கோடியில் இருக்கும் கெலாங் பாத்தாவுக்கு வந்த புதிது. என் கணவர் சேகருக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்கு ஒரு ரப்பர் தொழிற்சாலையில், இயந்திரங்களுக்குப் போடும் வளையங்களை அளந்து பார்த்து இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போடும் வேலை. வாரம் ஆறு நாள் அவர் என் கணவர். ஏழாம் நாள் காலை ஏழு மணிக்கு அவர் புஷ்பா அக்காவின் தம்பி ஆகிவிடுவார்.

புஷ்பா என் கணவரைவிட ஐந்து வயது மூத்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தினமும் விடிவதற்கு முன் பஸ் பிடித்து, பாலம் கடந்து சிங்கப்பூர் போய், ஒரு மருத்துவமனையின் ஆப்பரேஷன் தியேட்டரில் நர்ஸாக வேலை பார்ப்பவர். அவர் கணவருக்கு டென்னிஸ் என்றால் டிவியில் சேனல் மாற்ற வேண்டிய நேரம். ஆகவே அண்ணிக்கு ஆட்டத்தில் துணை தம்பிதான். இருவரும் பிறந்தது ஓர் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில். அவர்கள் அப்பா அங்கே மேனேஜரின் டென்னிஸ் கோர்ட்டுக்குப் புல் வெட்டி உருளை இழுத்தவர். மேனேஜர் தூக்கிப் போட்ட ஒரே மட்டையை வைத்துக்கொண்டு, அக்காவும் தம்பியும் பம்ப் வீட்டுச் சுவரில் பந்தடித்துப் பழகியிருக்கிறார்கள். ஒருவர் அடித்ததும் மட்டையை மற்றவர் கையில் கொடுத்துவிட வேண்டும், பந்து சுவரில் பட்டுத் திரும்பி வருவதற்குள். இதைச் சேகர் எனக்கு நாலைந்து முறை சொல்லியிருக்கிறார். அப்போது அது என் காதில் வெறும் கதையாகத்தான் விழுந்தது.

அவர்கள் ஆடுவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பேச்சே கிடையாது. இவர் இடது பக்கம் நகர்ந்தால் அவர் வலது பக்கம் போய் நிற்பார். நான் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு தண்ணீர்ப் போத்தலுக்கும் ஒரு துண்டுக்கும் காவல் இருப்பேன்.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், வருடாவருடம் கலப்பு இரட்டையர் போட்டி நடக்கும். ஜெயித்த ஜோடியின் படத்தைக் குடியிருப்போர் மண்டபத்தில் மாட்டுவார்கள். அப்போது அங்கே ஐந்து படங்கள் தொங்கின, ஐந்திலும் இவர்கள் இரண்டு பேர். ஒரு நாள் மண்டபத்தில் யாரோ வீட்டுக் காதணி விழா. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மா படத்தைக் காட்டி, “ஜோடி நல்லா இருக்கு, புருஷன் பொண்டாட்டியா?” என்று என்னையே கேட்டார். அன்றைக்கு நான் பாயசம் சாப்பிடவில்லை. ஆறாவது படத்தில் நான் இருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விஷயத்தை எடுத்தேன்.

“இந்த வருஷம் போட்டியில நான் இவரு கூட ஆடலாம்னு இருக்கேன்.”

சேகரின் கை ரசத்தில் நின்றது. அண்ணி மீன் துண்டின் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, “ஆடேன். நல்லதுதானே,” என்றார்.

நான் ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வாதங்கள் எல்லாம் வீணாகப் போயின. சண்டைக்கு வந்தவளுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தது போலிருந்தது.

“சர்வ மட்டும் பாத்துக்க லா,” என்றார் அண்ணி. “இப்ப நீ போடறது சர்வ் மாதிரி இல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முட்டாய் கொடுக்கற மாதிரி இருக்கு.”

உண்மைதான். சேகர் எப்போதாவது என்னை ஆட அழைக்கும்போது அண்ணி என் சர்வைப் பார்த்திருக்கிறார். பந்து என் மட்டையிலிருந்து கிளம்பி, வலைக்கு மேலே வந்து, இறங்குவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு இறங்கும். அதற்குள் எதிராளி வியர்வை துடைத்து, தொப்பியைச் சரிசெய்து, எந்தப் பக்கம் அடிக்கலாம் என்று மனைவியிடம் யோசனை கேட்டுவிடலாம்.

போட்டிக்கு மூன்று மாதம் இருந்தது. கைப்பேசியில், டென்னிஸ் பாட வீடியோ போடும் ஒரு வெள்ளைக்காரரைப் பிடித்தேன். அவர் சொன்னது இதுதான்: சர்வுக்குப் பலம் கையிலிருந்து வருவதில்லை, தரையிலிருந்து வருகிறது. பாதம் தரையை அழுத்த, முழங்கால் அதை வாங்கி இடுப்புக்குக் கொடுக்க, இடுப்பு தோளுக்குக் கொடுக்க, தோள் முழங்கைக்கும் முழங்கை மணிக்கட்டுக்கும் கொடுக்க, கடைசியில்தான் மட்டை பந்தைத் தொடுகிறது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி சமையல்கட்டிலிருந்து கைமாறி வருகிற மாதிரி. நடுவில் ஒருவர் வாளியை வைத்துக்கொண்டு கதை பேசினால் கடைசி இலைக்குச் சாம்பார் கிடையாது. என் சர்வில் சமையல்கட்டே கிடையாது, கடைசி ஆள் மட்டும் காலி வாளியோடு நின்றுகொண்டிருந்தார். இதெல்லாம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

பிறகு அந்த மனிதர், “முழங்காலை மடக்குங்கள்,” என்றார். வினை அங்கேதான் தொடங்கியது.

நான் ஆறு வயதிலிருந்து பதினேழு வயதுவரை மூவாரில் பரதநாட்டியம் கற்றவள். பதினோரு வருடம், வாரம் மூன்று நாள். என்னிடம் யாராவது முழங்காலை மடக்கச் சொன்னால் என் மூளையைக் கேட்காமலேயே உடம்பு அரைமண்டிக்குப் போய்விடும். குதிகால் இரண்டும் சேர்ந்து, முழங்கால் இரண்டும் வெளியே விரிந்து, முதுகு நிமிர்ந்து, முகத்தில் ஒரு சிரிப்பு. அரைமண்டியில் இருக்கும் கால் சும்மா இருக்காது. தூக்கித் தரையில் தட்ட வேண்டும். நாட்டியத்தில் முதன்முதலாகச் சொல்லிக்கொடுப்பதே அதைத்தானே. நான் இடது கையால் பந்தை மேலே போடுவேன், அரைமண்டி, இடது காலைத் தூக்கித் தொம்மென்று ஒரு தட்டு, அப்புறம் அடி. இதில் நாட்டியம் இருக்கிறது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரர் சொன்ன தரைப் பலம் இதுதான் என்று நம்பினேன். (அவர் வீடியோவில் அப்படித் தட்டவில்லை. அவருக்குப் பயிற்சி போதாது என்று நினைத்துக்கொண்டேன்.)

மட்டையில்லாமல் வெறுங்கையோடு கார் நிறுத்தும் போர்ச்சில் தினமும் நூறு முறை செய்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ரொஹானா மாக்சிக் (மாக்சிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி) வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “மெனாரி கெ, வாணி?” என்று கேட்டார். நடனமா என்று மலாயில் கேட்கிறார்.

“தெனிஸ், மாக்சிக்.”

“ஓ. தெனிஸ்,” என்று சொல்லிவிட்டு, தன் கணவரையும் அழைத்து வந்து காட்டினார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆனால் பந்து போக ஆரம்பித்துவிட்டதே. அதுதான் வம்பு. அந்தத் தட்டலில் என்னவோ இருந்தது. தாமான் திடலின் கோடியில் இருக்கும் சுவரில் சாயங்காலங்களில் தனியாக அடித்துப் பழகினேன். பந்து சுவரில் மோதும் சத்தத்துக்குப் புறாக்கள் பறந்தன. அந்தச் சுவருக்கு முன்னால் தரையில் கோடு எதுவும் கிடையாது. அதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

சேகர் ஒரு நாள் வந்து பார்த்தார். “அலமாக், வேகம் இருக்கே,” என்று வியந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா ஏன் தரைய உதைக்கிற?” என்றார்.

“அதாங்க பவர்.”

“ஓ,” என்று நிறுத்திக்கொண்டார். கல்யாணமாகி எட்டு மாதத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் கற்றிருந்தார். அன்று மட்டும் அந்தப் பாடத்தை அவர் மறந்திருக்கலாம்.

போட்டிக்கு முந்தின நாள் முழுக்க மழை. போட்டியன்று காலை வெயில் அடித்ததும் தாமான் குழுவினருக்கு உற்சாகம் பிறந்து, மங்கிப்போயிருந்த கோடுகளுக்கெல்லாம் வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பளிச்சென்று இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்து காய்ந்துவிட்டது என்று செயலாளர் அறிவித்தார். நடுவர்கள் போதவில்லை, இந்த வருஷம் ஆடாதவர்கள் யாராவது உட்காருங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். இந்த வருஷம் ஆடாதவர் என்று பார்த்தால் அண்ணிதான். எங்கள் ஆட்டத்துக்கே அவரை நடுவராகப் போட்டார்கள். அந்தச் சின்னத் தாமானில் அது தற்செயலாக நடக்கக் கூடியதுதான் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்கு உலகமே கூடிச் சதி செய்வதாகத் தோன்றியது.

என் வெற்றியைப் பார்க்க மூவாரிலிருந்து அம்மா பஸ் ஏறி வந்திருந்தார். மீனை அரைத்து இலையில் சுருட்டிச் சுடும் ஓத்தா-ஓத்தா இருபது பொட்டலம் கையில் இருந்தது. எதிராளிகள் அங்கிள் வோங்கும் ஆண்ட்டி வோங்கும். இருவர் வயதையும் கூட்டினால் நூற்று முப்பது தேறும். நான்கு முழங்காலில் மூன்றுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். முதலில் ஆறு ஆட்டம் ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். அவர்களைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

முதல் ஆட்டம் சேகர் சர்வ் போட்டு ஜெயித்தார். இரண்டாவது அங்கிள் வோங். மூன்றாவது என்னுடையது. கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் நின்றேன். பந்தை மேலே போட்டேன். அரைமண்டி. தொம். அடித்த அடி அங்கிள் வோங் கண்சிமிட்டுவதற்குள் அவரைத் தாண்டிப் போயிற்று.

“ஃபுட் ஃபால்ட்,” என்றார் அண்ணி.

சர்வ் போடுகிறவர் பந்தை அடிப்பதற்கு முன் கோட்டை மிதிக்கவோ தாண்டவோ கூடாது. இந்த விதி எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு சர்வ். இரண்டும் தவறினால் புள்ளி எதிராளிக்கு. இரண்டாவதைப் போட்டேன். தொம்.

“ஃபுட் ஃபால்ட்.”

குரலில் கோபமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. தியேட்டரில் டாக்டருக்குக் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுப்பார்களே, அந்தக் குரல். அப்படியே எட்டு முறை. அங்கிள் வோங் ஒரு பந்தைக்கூடத் தொடாமல் அந்த ஆட்டத்தை ஜெயித்தார். கடைசி இரண்டு சர்வுக்கு அவர் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுமனே நின்றார்.

“ஏன் அவள அடிக்கவே விட மாட்றாங்க?” என்று அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது கோர்ட் முழுக்கக் கேட்டது.

இதில் பெரிய கொடுமை என் முகம். மேடையில் சலங்கை அறுந்தாலும் சிரிப்பு அறுந்துவிடக் கூடாது என்று பதினோரு வருடம் பழக்கியிருக்கிறார்களே. எட்டு ஃபுட் ஃபால்டுக்கும் நான் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இடைவேளையில் ஆண்ட்டி வோங் என் கையைத் தட்டிக் கொடுத்து, நல்ல குணமான பெண் என்று சேகரிடம் மலாயில் சொன்னார்.

சேகர் தன் பங்குக்குப் பாடுபட்டு மூன்றுக்கு மூன்று என்று கொண்டுவந்து நிறுத்தினார். ஏழாவது ஆட்டம் மறுபடியும் என் சர்வ், அதே பக்கம், அதே கோடு. இம்முறை புத்திசாலித்தனமாக இரண்டடி பின்னால் போய் நின்றேன். கால் கோட்டைத் தொடவில்லை. பந்து வலையில் விழுந்தது. இன்னும் இரண்டடி பின்னால் போனேன். அதுவும் வலை. பின்னால் போகப் போகப் பந்து எட்டவில்லை, கிட்டப் போனால் கால் தாண்டுகிறது. மூன்றாவது சர்வுக்கு என் முதுகு வேலியில் இடித்தது. மட்டையைப் பின்னால் கொண்டுபோனபோது அது கம்பி வலையில் மாட்டிக்கொண்டது. மேலே போட்ட பந்து நிதானமாக இறங்கி என் தலையில் விழுந்தது.

“மட்டைய வீசல, அதனால கணக்கில்ல. மறுபடி போடு,” என்றார் அண்ணி. ஆனாலும் போட்டது வெளியே போயிற்று, அடுத்ததும் போயிற்று. பூஜ்யத்துக்கு முப்பது.

அதற்குமேல் எனக்கு வெறுத்துவிட்டது. வருவது வரட்டும் என்று கோட்டருகே பழைய இடத்துக்கே திரும்பினேன். பந்தை மேலே போட்டேன். அப்போது என் வாழ்க்கையில் அதுவரை நடக்காத ஒன்று நடந்தது. பாதம் முழங்காலுக்குக் கொடுத்தது, முழங்கால் இடுப்புக்கு, இடுப்பு தோளுக்கு, வாளி ஒரு சொட்டுச் சிந்தாமல் கடைசி இலைவரை வந்து சேர்ந்தது. பந்து மூலையில் விழுந்து எகிறிப் பின்வேலியில் அடித்தது. அங்கிள் வோங், “வாவ்,” என்று மெச்சினார். அம்மா எழுந்து நின்று கைதட்டினார். சேகர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை, பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படி இருந்ததில்லை.

“ஃபுட் ஃபால்ட்,” என்றார் அண்ணி.

நான் மட்டையைக் கீழே வைத்தேன். நடுவர் நாற்காலிக்குப் போனேன்.

“என் கால் கோட்டுல படவே இல்ல. நீங்க வேணும்னே ஃபால்ட் கூப்புடுறீங்க. நான் இவரு கூட ஆடறது உங்களுக்குப் பிடிக்கல, அதான்.”

வோங் தம்பதிக்குத் தமிழ் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும். எட்டு மாதமாக எங்கள் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை நான் நாற்பது பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். சேகர் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணி நாற்காலியிலிருந்து குனிந்து என்னைப் பார்த்தார். “ஷூவ தூக்கிக் காட்டு,” என்றார்.

“தாராளமா.” ஊரே பார்க்கட்டும் என்று இடது காலை நடராஜர் தூக்குகிற மாதிரி இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, ஆடாமல் அசையாமல் பிடித்தேன். அந்த நிலையில் என்னால் ஒரு நிமிடம் நிற்க முடியும். நின்றேன்.

பிறகு ஆண்ட்டி வோங் மெதுவாக, “ஐயோ, பெயிண்ட்,” என்றார்.

குனிந்து பார்த்தேன். ஷூவின் அடியில் முன்பாதி முழுக்க வெள்ளை. அந்த பெயிண்ட் மேலே மட்டும்தான் காய்ந்திருந்தது. மற்றவர்கள் மிதித்ததை அது தாங்கிக்கொண்டது, என் தட்டலைத் தாங்கவில்லை. திரும்பிக் கோர்ட்டைப் பார்த்தேன். கோட்டுக்கு உள்ளே, பச்சைத் தரையில், தட்டிய கால் அடித்த வேகத்தில் அடுத்துப் போய் விழுந்த இடங்களில், வலப் பக்கம் ஐந்து, இடப் பக்கம் நான்கு, ஆக ஒன்பது வெள்ளைப் பாதங்கள். கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறைவரை மாவில் போடுவோமே, அச்சு அசல் அப்படி. என்ன, எல்லாமே இடது கால். கண்ணன் நொண்டி அடித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சேகர் வலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அந்தப் பாழாய்ப்போன மேடைச் சிரிப்பு. நாலுக்கு ஆறு என்று தோற்றோம். ஓத்தா-ஓத்தாவை வோங் தம்பதிக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தோற்றதற்காக அல்ல. ஒரு நாளும் என்னிடம் முகம் சுளிக்காத பெண்ணைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டேன், அதுவும் காலில் அத்தாட்சியோடு. அவர் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. “உங்க அக்கா கூடவே ஆடுங்க, நான் இனிமே வரல,” என்று கதவுக்கு உள்ளிருந்தே சேகரிடம் சொன்னேன்.

புதன்கிழமை எனக்கு ஷிப்ட் மத்தியானமே முடிந்தது. வீட்டில் தனியாக இருந்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டுப் பார்த்தால் அண்ணி. அன்று அவருக்கு ஓய்வு நாள். கையில் கட்டுப் போடும் வெள்ளை டேப் ஒரு உருளை.

“உள்ள வாங்க அண்ணி.”

“உள்ள வேணாம். மட்டைய எடுத்துட்டு வா.”

போர்ச்சுத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டேப்பை நீளமாக ஒட்டி ஒரு கோடு போட்டார். ஒட்டிக்கொண்டே பேசினார்.

“எங்க தியேட்டர் வாசல்ல தரையில ஒரு செவப்புக் கோடு இருக்கு. டாக்டரா இருந்தாலும் வெளிச் செருப்போட அதத் தாண்டக் கூடாது. பதினோரு வருஷமா அந்தக் கோட்டத்தான் பாக்கறேன். கோடுன்னா கண்ணு தானா போயிடும் லா. நீன்னு பாத்து கூப்புடல.”

“நான் அப்படிச் சொன்னது தப்பு அண்ணி.”

“பாதிதான் தப்பு.” டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். “பிடிக்கலதான். தம்பி பக்கத்துல நிக்கற எடம் எனக்குச் சின்ன வயசுலேர்ந்து உள்ளது. விடறது பிடிக்கல. ஆனா விட்டேன் இல்ல? விட்டுட்டு அப்புறம் பொய்யா கூப்புட எனக்கு என்ன தலையெழுத்து?”

ஒரே மட்டையை இருவரும் கைமாற்றி ஆடிய அந்தப் பம்ப் வீட்டுச் சுவர் அப்போதுதான் எனக்குக் கதையாக இல்லாமல் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு படத்தில் இடம் பிடிப்பதற்காக நான் யாரிடம் எதைக் கேட்டிருக்கிறேன் என்றும் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

“சரி, போடு,” என்று கைப்பேசியில் படம் எடுக்க ஆரம்பித்தார்.

போட்டேன். தொம். பிறகு இரண்டு பேரும் தலையை ஒட்டிவைத்து அந்தச் சின்னத் திரையில் பார்த்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“அண்ணி, இது தட்டடவு,” என்றேன்.

“என்னது?”

நாட்டியத்தின் முதல் பாடம் என்று சொல்லி, காலை வைத்துத் தட்டிக் காட்டினேன். அண்ணி அன்றுதான் சிரித்தார். நான்கு நாள் பாக்கி வைத்திருந்த சிரிப்பு. கேட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். எனக்கும் நிஜச் சிரிப்பு வந்துவிட்டது.

“தரைய அடிக்காத. அமுக்கு,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நோயாளிய படுக்கையிலேர்ந்து தூக்கறப்ப நாங்க எப்படி நிப்போம் தெரியுமா? பாதம் ரெண்டும் தரையில ஒட்டி இருக்கணும். முழங்கால மடக்கி, தரைய கீழ அமுக்கி எழும்பணும். கையால இழுத்தா நம்ம தோளு போயிடும்.”

நான் அவரைப் பார்த்தேன். எட்டு மாதம் பெஞ்சில் உட்கார்ந்து போத்தலைக் காவல் காத்தவளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். “அப்ப நீங்க ஏன் சர்வ் போடறப்ப முழங்கால மடக்கறதே இல்ல? காலு ரெண்டும் கட்ட மாதிரி நிக்குது. எல்லாம் கையாலதான் அடிக்கறீங்க. ஆட்டம் முடிஞ்சதும் வலது தோள அமுக்கிக்கிட்டே, பைய இவருகிட்ட கொடுக்கறீங்க.”

அண்ணியின் கை வலது தோளுக்குப் போனது. “ரெண்டு வருஷமா வலி,” என்றார். “தம்பிகிட்ட சொல்லல. சொன்னா ஆட வேணாம்பான்.”

அன்று சாயங்காலம் அவர் என் காலைத் தரையில் ஒட்ட வைத்தார், நான் அவர் முழங்காலை மடக்க வைத்தேன். எனக்கு விரியும் முழங்காலை முன்பக்கமாகத் திருப்ப வேண்டும், தட்ட நினைக்கும் காலை அமுக்க வேண்டும். அவருக்கு அரைமண்டியில் கொஞ்சமாவது உட்காரப் பழக வேண்டும். முப்பத்தைந்து வயதில் முதல் தடவை அரைமண்டி உட்காருகிறவர் என்னென்ன சத்தம் போடுவாரோ அத்தனையும் போட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் ரொஹானா மாக்சிக் தன் கணவரிடம், இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டார்கள் என்று சொன்னது கேட்டது.

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. அண்ணியின் தோள் வலி மெல்ல மெல்லக் குறைந்தது. என் கால் கோட்டைத் தாண்டுவதை நிறுத்தியது. ஆனால் சேகர் பக்கத்தில் நிற்கும் இடத்துக்கு இருவரில் யாரும் திரும்பிப் போகவில்லை. அடுத்த வருடம் தாமானில் பெண்கள் இரட்டையர் போட்டி ஆரம்பித்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பெயர் கொடுத்தோம். அன்றிலிருந்து நாங்கள்தான் ஜோடி. பெஞ்சும் போத்தல்களும் சேகரிடம் போயின. தனக்கு இதில் ரொம்பச் சந்தோஷம் என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். ஆண்ட்டி வோங் முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு ஆடுவதை விட்டுவிட்டதால் அங்கிள் வோங் சேகரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

‘ஃபுட் ஃபால்ட்’ மட்டும் எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது. விருந்தாளி சாப்பிடுவதற்கு முன் யாராவது வடையை எடுத்தால், பாலத்துச் சோதனைச் சாவடி வரிசையில் யாராவது நடுவில் நுழைந்தால், மருமகப் பிள்ளை கேட்காத யோசனையைச் சொன்னால், எல்லாவற்றுக்கும் அதே வார்த்தைதான். அதன் அர்த்தம் இன்னும் சரியாகத் தெரியாத என் அம்மாதான் அதிகம் சொல்வார்.

போன வருடம் நாங்கள் சொந்த வீடு வாங்கிப் புகுந்தோம். இரண்டு பக்கத்து உறவும் வாசலில் கூடியிருந்தது. என் கையில் ஏற்றிய காமாட்சி விளக்கு. எனக்குப் பின்னால் பால் செம்போடு அண்ணி. குருக்கள் மணியை அடித்து, வலது காலை வைத்து உள்ளே போகச் சொன்னார். விளக்கு அணைந்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் எனக்கு எந்தக் கால் எது என்று மறந்துவிட்டது. படியைத் தாண்டி உள்ளே விழுந்தது இடது கால்.

அதை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

“ஃபுட் ஃபால்ட்,” என்றது என் தோளுக்குப் பின்னால் அந்தக் குரல், கோபமும் இல்லாமல் மகிழ்ச்சியும் இல்லாமல்.

சுற்றி நின்ற உறவெல்லாம் சிரித்தது. சேகர் இம்முறை முதுகைத் திருப்பிக்கொள்ளாமலே சிரித்தார். நான் ஒரு கால் வீட்டுக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக, என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன்.

“அதான் இன்னொரு சர்வ் இருக்கே,” என்றார் அவர். “பின்னால வந்து மறுபடி போடு. நான் பாத்துக்கறேன்.”

காலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணி பால் செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வலது காலை எடுத்து வைத்தேன். குருக்களுக்கு ஒன்றும் புரியவில்லை, மணியை மட்டும் இன்னொரு முறை அடித்தார்.